குறைந்த தரத்தை மறைக்கலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

பிரித்தானியப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகளிடம், "தரம் குறைந்த பாடத்தைப் போடாமல் விடு" என்று பெற்றோர் பலர் சொல்வதுண்டு. இது ஆபத்தான யோசனை. இந்த விண்ணப்பங்களைக் கையாளும் யுகாஸ் (UCAS) அமைப்பின் விதிப்படி, முடித்த தகுதித் தேர்வுகள் அனைத்தையும் காட்ட வேண்டும். தேர்ச்சியில்லை என்னும் 'யூ' (U) தரமும் விலக்கல்ல. விவரம் முழுமையானது என்று மாணவர் உறுதியளித்தே விண்ணப்பம் போகிறது. மறைத்தது தெரிந்தால், கிடைத்த இடத்தையே பல்கலைக்கழகம் திரும்பப் பெறலாம். ஒரு 'டி' தரத்துக்காக இவ்வளவு பெரிய பணயமா?

மீண்டும் எழுதும் ஏ லெவல் (பள்ளி இறுதித் தேர்வு) பாடத்தை இருமுறை பதியுங்கள்: பழைய தரத்துடன் ஒன்று, முடிவு வரவேண்டியது என்று இன்னொன்று. பழையதை அழித்துவிட்டுப் புதியதை மட்டும் இடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. பள்ளிக்குள் நடத்தும் மாதிரித் தேர்வு தகுதித் தேர்வல்ல. அதைக் காட்டத் தேவையில்லை.

குறைந்த தரத்துக்கு நோயோ குடும்பத்தில் இழப்போ காரணமென்றால், பள்ளி ஆசிரியர் எழுதும் பரிந்துரையில் அதற்கென்றே ஒரு பகுதி உண்டு. செப்டம்பரிலேயே சான்றுகளுடன் அவரிடம் பேசிவிடுங்கள். மாணவரின் சொந்த அறிக்கைக்கு இருப்பதே 4,000 எழுத்துகள், இடைவெளியும் சேர்த்து. அதைச் சாக்குச் சொல்லிச் செலவழிப்பானேன்?

இப்படிக்கு,
ஒரு வாசகர், இலண்டன்