மாதுளம்பழச் சாறு கொண்டுபோன கதை

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கந்தோரால் எல்லோரையும் ஒரு நாள் பிள்ளைகள் ஆஸ்பத்திரிக்குத் தொண்டு வேலைக்கு அனுப்புகிறார்கள், அங்கே போய் நான் என்னம்மா செய்கிறது என்று வட்ஸ்அப்பில் கேட்டிருந்தாய். இரண்டு வரியில் பதில் போட எனக்கு வரவில்லை. போன மாதம் நானும் அப்படி ஒன்றுக்குப் போய் மூக்குடைபட்டு வந்தவள். அந்தக் கதையையே எழுதுகிறேன்.

பொங்கலுக்கு முந்தின சனிக்கிழமை எங்கள் சனசமூக நிலையத்தார் ஆஸ்பத்திரியில் சிரமதானம் வைத்தார்கள். மாரி மழை விட்டு வெயில் எறிக்கத் தொடங்கினால் இங்கே டெங்குக் காலம். பெடியள் வளவைத் துப்புரவாக்கினார்கள். யோகட் கப், சிரட்டை, சோடா மூடி என்று மூன்று உரப்பை நிரம்பியது. பூச்சாடித் தட்டுகளில் நின்ற தண்ணீரை ஊற்றிவிட்டு வந்த பெடியனைச் சுகாதாரப் பரிசோதகர் திருப்பி அனுப்பினார். நுளம்பு முட்டை தட்டின் ஓரத்தில் காய்ந்தபடியே மாதக்கணக்கில் கிடந்து அடுத்த மழைக்குப் பொரிக்குமாம். உரஞ்சிக் கழுவத்தான் வேண்டும். அன்று பின்னேரமே வீட்டில் அப்பாவை ஏணியில் ஏற்றிக் கூரைப் பீலியைத் துப்புரவாக்க வைத்தேன். அதற்கு அவர் இன்னும் முணுமுணுக்கிறார்.

எனக்கு வார்ட்டுக்குள்ளே வேலை. முப்பது வருசம் படிப்பித்தவள், பிள்ளைகளுக்குக் கதை சொல்வோம் என்று புத்தகம் எடுத்துக்கொண்டேன். டெங்குக்கு நல்லது என்று மாதுளம்பழச் சாறும் இரண்டு போத்தல். நேர்ஸ் பிள்ளை போத்தலைக் கண்டவுடனே, "அன்ரி, அதை வெளியே வையுங்கோ" என்றாள். சிவப்பாக எதுவும் குடிக்கக் கொடுக்கக் கூடாதாம். பிள்ளை சத்தியெடுத்தால் அது சாறா இரத்தமா என்று தெரியாமல் போய்விடும். அப்ப இளநீர் கொடுக்கலாமோ என்று கேட்டேன். அதையும் கேட்காமல் கொடுக்கக் கூடாது. டெங்கு கடுமையாகும்போது இரத்தக் குழாய்களில் இருந்து நீர் கசியும். குடிப்பது குறைந்தாலும் ஆபத்து, கூடினாலும் நெஞ்சிலும் வயிற்றிலும் நீர் தேங்கிவிடும். அதனால் ஒவ்வொரு கட்டிலிலும் ஒரு தாள் தொங்குகிறது. எத்தனை மில்லிலீற்றர் உள்ளே போனது, எத்தனை மில்லிலீற்றர் சிறுநீர் போனது என்று தாய்மாரே அளந்து சொல்ல வேண்டும். இரவிலும்தான்.

மூலைக் கட்டிலில் நெடுந்தீவுப் பெடியன் ஒருவன், ஏழு வயது. அன்று காலை காய்ச்சல் விட்டிருந்தது. தாய்க்குச் சந்தோசம். வீட்டுக்குப் போகலாமோ என்று கேட்டாள். காய்ச்சல் விடுகிற நேரம்தான் கூடக் கவனம் வேண்டும் என்று டொக்டர் விளங்கப்படுத்தினார். தாயின் முகம் செத்துப்போனது. குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் படகேறி, பிறகு பஸ்ஸேறி வந்தவள். மற்றப் பிள்ளைகளோடு புருசன் ஊரில். மாறி இருக்க ஆளில்லாமல் மூன்று நாளாகக் குளிக்கவில்லை.

"அன்ரி, கதை சொல்கிறதென்றால் சொல்லுங்கோ. ஆனால் அவவை ஒருக்கால் குளிக்க விடுங்கோ" என்றாள் நேர்ஸ் பிள்ளை.

சரியென்று இருந்தேன். பெடியன் கதை ஒன்றும் கேட்கவில்லை. அம்மா எங்கே என்றுதான் கேட்டான். குளிக்கிறா, வருவா என்று ஒரு இருபது தரம் சொல்லியிருப்பேன். இடையில் சிறிய கப்பில் ஜீவனி என்கிற உப்புச் சீனிக் கரைசல் கொடுத்து, தாளில் 50 மில்லிலீற்றர் என்று எழுதினேன். தாய் தலை நனைய வந்து பாணும் பருப்பும் சாப்பிட்டாள். பிறகு கட்டில் விளிம்பில் தலை வைத்தவள் ஒரு மணித்தியாலம் அப்படியே நித்திரை. அன்று நான் செய்த வேலை அவ்வளவுதான்.

அந்த நேரத்தில் வேறொரு கூட்டம் விளையாட்டுச் சாமான் கொண்டுவந்து, சேலைன் ஏறுகிற பிள்ளைகளின் கையில் கொடுத்துப் படம் எடுத்தது. எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. நீ அந்தப் பக்கமே போகாதே.

1994 இல் உனக்கு மலேரியா வந்தது ஞாபகமிருக்காது. ஐந்து வயது. கரண்ட் இல்லை, வார்ட்டில் போத்தல் விளக்கு. பக்கத்துக் கட்டில் பிள்ளையின் அம்மம்மா உன்னை மடியில் வாங்கிக்கொண்டு, "நீ போய்த் தேத்தண்ணி குடிச்சிட்டு வா பிள்ளை" என்றார். அவர் பேர்கூட நான் கேட்கவில்லை. அந்த மலேரியா இப்போது இலங்கைக்குள் பரவுவதே இல்லை. 2016 இல் உலக சுகாதார நிறுவனமும் அப்படி அறிவித்துவிட்டது. அந்தத் தேத்தண்ணி மட்டும் எனக்கு இன்னும் நினைவு.

அங்கே போனவுடன் வார்ட் பொறுப்பானவரிடம், இப்ப இங்கே என்ன செய்ய வேணும் என்று கேள். தரை துடைக்கச் சொன்னாலும் துடை. சளி, தடிமன் இருந்தால் போகவே போகாதே.

அந்த இரண்டு போத்தல் சாற்றையும் பஸ்ஸில் வரும்போது நானும் பக்கத்து வீட்டு மாமியும் குடித்து முடித்தோம். நல்ல இனிப்பு.

அன்புடன்,
அம்மா