மேல் ஆர்பிஎம்மில் பூஸ்ட் நிற்கவில்லையா? டர்போவைக் கழற்றும் முன் ஒரு வார்த்தை

வணக்கம்.

எங்கள் கடலூர் டீசல் பணிமனையில் வண்டி விடும் வேன்காரர்கள், லாரி உரிமையாளர்கள், கார் வைத்திருப்பவர்கள், துறைமுகத்திலிருந்து படகு இஞ்சின் வேலைக்குக் கூப்பிடுகிறவர்கள் எல்லாருக்கும் இதை எழுதுகிறோம். இஞ்சின் புகையின் விசையில் சுழன்று, இஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கிற கருவிதான் டர்போ. அது கூட்டிக் கொடுக்கும் காற்றழுத்தம் பூஸ்ட். இஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்பது ஆர்பிஎம்.

இந்த மாதத்திலிருந்து ஒரு பழக்கத்தை மாற்றியிருக்கிறோம். "கீழ நல்லா இழுக்குது, மேல போகப் போகப் படுத்துடுது" என்று வரும் எந்த வண்டியிலும், ரோட்டில் ஓட்டி அளந்து பார்க்காமல் டர்போவில் ஸ்பேனர் வைக்க மாட்டோம். அதற்கு அரை நாள் பிடிக்கும். "கழட்டிப் பாத்தா தெரிஞ்சிடப் போவுது, எதுக்கு ரோட்டுல சுத்தணும்?" என்று உங்களில் சிலர் கேட்டீர்கள். நியாயமான கேள்விதான். பதிலைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

முதலில் எங்கள் கையால் நடந்த ஒரு தவறு. சில வருடங்களுக்கு முன் ஒரு சுற்றுலா வேன் வந்தது. "எழுபது வரைக்கும் பிரமாதமா போவுதுண்ணே, அதுக்கு மேல மிதிச்சா யாரோ பின்னாடி புடிச்சு இழுக்கிற மாதிரி இருக்கு" என்றார் வண்டிக்காரர். டர்போவின் ஷாஃப்டை ஆட்டிப் பார்த்தோம். ஆட்டம் இருந்தது. டர்போ போய்விட்டது என்று முடிவு செய்து புதுசு வாங்க வைத்தோம். மாட்டி ஓட்டினால் அதே கதை, எழுபதுக்கு மேல் மூச்சு வாங்கியது. மூன்று நாள் தேடிய பிறகுதான் அகப்பட்டது: ஏர் ஃபில்டர் பெட்டியிலிருந்து டர்போவுக்குப் போகும் ரப்பர் ஹோஸில் உள்அடுக்கு பிரிந்து கிடந்தது. ஐடிலில் பார்த்தால் ஹோஸ் நன்றாக இருக்கும். இஞ்சின் வேகமெடுத்து உறிஞ்ச ஆரம்பித்ததும் அந்த அடுக்கு உள்ளே சப்பி வழியை அடைத்துவிடும். நிறுத்திவிட்டு பானெட்டைத் திறப்பதற்குள் மறுபடி விரிந்திருக்கும். ஒரு ஹோஸ் மாற்ற வேண்டிய இடத்தில் டர்போவையே மாற்றியிருந்தோம். கூலியைத் திருப்பிக் கொடுத்தோம், டர்போ விலையிலும் பாதியை ஏற்றோம். ஆனாலும் அவர் இழந்த பணம் இன்னும் எங்கள் மனதை விட்டுப் போகவில்லை.

அந்த ஷாஃப்ட் ஆட்டத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெரும்பாலான டர்போக்களில் ஷாஃப்ட் எண்ணெய்ப் படலத்தின் மேல்தான் மிதக்கிறது. எண்ணெய் அழுத்தம் இல்லாதபோது பக்கவாட்டில் லேசாக ஆடுவது இயல்பு. விசிறியின் இறக்கை டர்போவின் வெளிக்கூட்டில் உரசியிருந்தாலோ, ஷாஃப்ட் முன்னும் பின்னும் கைக்குத் தெரிகிற அளவு நகர்ந்தாலோதான் கவலைப்பட வேண்டும். விரலால் ஆட்டிக் காட்டி "போயிடுச்சு" என்று யாராவது சொன்னால், நாங்களே சொன்னாலும், இரண்டாவது முறை கேளுங்கள்.

சரி, கோளாறு ஏன் மேல் ஆர்பிஎம்மில் மட்டும் தெரிகிறது? ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். 2 லிட்டர் டீசல் இஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒரு தடவை 2 லிட்டர் காற்றை வாங்குகிறது. 4000 ஆர்பிஎம்மில் நிமிடத்துக்கு 4000 லிட்டர். டர்போ அதை இரண்டு மடங்கு அழுத்தத்தில் திணிப்பதால், வெளியிலிருந்து இழுக்க வேண்டியது கிட்டத்தட்ட 8000 லிட்டர். மொட்டை மாடியில் வைக்கிற 1000 லிட்டர் தண்ணீர்த் தொட்டி எட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அத்தனை காற்றும் ஒரே நிமிடத்தில் அந்த ஃபில்டர், அந்த ஹோஸ், டர்போவில் சூடான காற்றைக் குளிர்விக்கும் அந்த இன்டர்கூலர் வழியாகப் போக வேண்டும். 2000 ஆர்பிஎம்மில் இதில் பாதி போதும்.

காற்று இரண்டு மடங்கு ஓடினால் வழியில் ஏற்படும் அழுத்த இழப்பு இரண்டு மடங்கோடு நிற்காது, ஏறக்குறைய நான்கு மடங்காகும். அழுக்கான ஃபில்டர் 2000-ல் 15 மில்லிபார் சாப்பிட்டால் 4000-ல் 60 சாப்பிடும். ஊருக்குள் மஞ்சக்குப்பத்துக்கும் திருப்பாதிரிப்புலியூருக்கும் ஓடும்போது தெரியாத அடைப்பு, சிதம்பரம் ரோட்டில் மிதிக்கும்போது தெரிவது இதனால்தான். சைலன்சர் பக்கமும் இதே கதை. புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் அடைத்திருந்தால், டர்போவில் புகையால் சுழலும் சக்கரமான டர்பைனைத் தாண்டிப் புகை வெளியேற முடியாமல் தேங்கும். டர்பைனுக்கு முன்னும் பின்னும் இருக்கிற அழுத்த வித்தியாசம்தான் அதைச் சுற்றுகிறது. பின்னால் தேங்கினால் சுற்றும் பலம் குறையும், பூஸ்ட் சரியும், டர்போ மேல் பழி விழும்.

மேல் ஆர்பிஎம்மில் பூஸ்ட் குறைவது எல்லாமே கோளாறும் இல்லை. நிறைய வண்டிகளில் கம்பெனியே கடைசி ஆயிரம் ஆர்பிஎம்மில் பூஸ்ட்டைக் கொஞ்சம் இறக்குகிறது. சின்ன டர்போ ஓர் அளவுக்கு மேல் காற்றைத் தள்ள முடியாது, தள்ள வைத்தால் காற்று சூடேறுவதுதான் மிச்சம். அதனால் பூஸ்ட் கோடு போட்ட மாதிரி நேராக நிற்கிறதா என்று நாங்கள் பார்ப்பதில்லை. ஈசியூ, அதாவது இஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர், கேட்கும் அழுத்தம் எவ்வளவு, கிடைக்கும் அழுத்தம் எவ்வளவு, இரண்டும் சேர்ந்து போகின்றனவா என்றுதான் பார்க்கிறோம். கேட்பது 2.2 பார், கிடைப்பது 2.15 என்றால் வண்டி நன்றாக இருக்கிறது. கிடைப்பது 1.8 என்றால் தேட வேண்டும்.

ஈசியூவில் இருப்பதைப் படித்துக் காட்டும் ஸ்கேனரில் 2.2 பார் என்று பார்த்து சிலர் பதறுகிறார்கள். அதில் 1 பார் நம்மைச் சுற்றியிருக்கிற காற்றின் அழுத்தம். டர்போ கொடுப்பது மீதி 1.2 பார்தான். நீங்களே செய்து பார்க்கக் கூடிய ஒரு சோதனை: இஞ்சினை ஓட்டாமல் சாவியை மட்டும் ஆன் செய்து பூஸ்ட் சென்சாரைப் படியுங்கள். கடலூர் கடல் மட்டத்து ஊர், 1010 மில்லிபாரை ஒட்டிக் காட்ட வேண்டும். அங்கேயே 1100 என்றோ 900 என்றோ காட்டினால், டர்போவைப் பற்றிப் பேசுவதற்கு முன் சென்சாரையும் அதன் வயரிங்கையும் பார்க்க வேண்டும்.

அடுத்தது வேஸ்ட்கேட். பூஸ்ட் போதும் என்றானதும் புகையின் ஒரு பகுதியை டர்பைனுக்குப் போகாமல் திருப்பிவிடுகிற சின்னக் கதவு அது. அந்தக் கதவை இயக்கும் ஆக்சுவேட்டருக்குள் இருக்கிற ஸ்பிரிங் கதவை மூடிப் பிடிக்கிறது. பூஸ்ட் அழுத்தம் உள்ளே இருக்கிற ரப்பர் சவ்வான டயஃப்ரத்தைத் தள்ளி, ராடு வழியாகத் திறக்கிறது. மேல் ஆர்பிஎம்மில் இன்னொரு கையும் அந்தக் கதவைத் தள்ளுகிறது: இஞ்சினிலிருந்து புகை வெளியேறும் மேனிபோல்டில் தேங்கும் புகையின் அழுத்தம். ஸ்பிரிங் தளர்ந்திருந்தால், ராடு துருவேறிக் கதவை முழுதாக மூடவிடாமல் இறுகியிருந்தால், கதவு சரியாக உட்காராமல் போயிருந்தால், கேட்கும் பூஸ்ட் வருவதற்கு முன்பே கதவு லேசாகத் திறந்துகொள்ளும். 2500-ல் 1.2 இருந்த பூஸ்ட் 3800-ல் 0.9 ஆகும். டயஃப்ரம் கிழிந்திருந்தால் நேர்மாறு. கதவு திறக்கவே திறக்காது, பூஸ்ட் ஏறிக்கொண்டே போகும், கடைசியில் ஈசியூ டீசலை வெட்டும், வண்டி குலுங்கும்.

இங்கேதான் உங்களிடம் ஒரு விஷயத்தைக் கண்டிப்பாகச் சொல்கிறோம். "ராடை ரெண்டு சுத்து டைட் வச்சுடுங்க, பிக்கப் ஏறிடும்" என்று கேட்டால் இனிமேல் செய்ய மாட்டோம். ஏறும் என்பது உண்மைதான். ஆனால் எந்த ஓட்டையால் பூஸ்ட் குறைந்ததோ அது அப்படியே இருக்கும். அதை ஈடுகட்ட டர்போ இன்னும் வேகமாகச் சுற்றும். சின்ன டர்போவின் ஷாஃப்ட் ஏற்கெனவே நிமிடத்துக்கு ஒன்றரை, இரண்டு லட்சம் சுற்று ஓடுகிறது. அதே வண்டியை ஊட்டிக்கு ஓட்டினீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அங்கே காற்றழுத்தம் 780 மில்லிபார் அளவுக்குத்தான் இருக்கும். 1.2 பார் பூஸ்ட் கொடுக்க, டர்போ கடலூரில் காற்றை 2.2 மடங்கு அழுத்தினால் போதும். ஊட்டியில் 2.5 மடங்குக்கு மேல் அழுத்த வேண்டும். மலையில் காற்று மெலிந்திருப்பதை அறிந்து ஈசியூ பூஸ்ட்டைக் குறைத்துக் கேட்கும். டைட் வைத்த ராடுக்கு அது தெரியாது. குடும்பத்தோடு மலை ஏறுகிற வண்டியில் அந்த வேலையை எங்கள் கையால் செய்து அனுப்ப மனம் வரவில்லை.

வேன் டிரைவர்கள் அடிக்கடி சொல்லும் இன்னொன்று: "திடீர்னு பவர் போயிடும், ஓரங்கட்டி ஆஃப் பண்ணி ஸ்டார்ட் பண்ணா சரியாயிடும்." இது பெரும்பாலும் இறக்கைகளை அசைத்துப் பூஸ்ட்டைக் கட்டுப்படுத்தும் விஜிடி டர்போ வண்டிகளில் வருகிறது. கரி படிந்து இறக்கைகள் சிக்கிக்கொள்ளும், வேகமெடுக்கும்போது திறக்காது, பூஸ்ட் எகிறும், ஈசியூ பாதுகாப்புக்காக வண்டியை லிம்ப் மோடில், அதாவது பவரைக் குறைத்து மெல்ல மட்டும் ஓடும் நிலையில், போட்டுவிடும். இஞ்சின் சூட்டில் வெடித்த ஒரு வேக்குவம் டியூப்பும் இதே மாதிரித் தொந்தரவு கொடுக்கும். அந்த டியூப் கைக்கு அகப்படுகிற பொருள். முதலில் அதைப் பார்ப்போம்.

நம் ஊர் உப்புக் காற்று தனிக் கணக்கு. கடற்கரைக்குப் பக்கத்தில் நிற்கும் வண்டிகளில் ஹோஸ் கிளாம்ப் துருப்பிடித்துப் பிடி தளர்ந்திருக்கும், இன்டர்கூலரின் அலுமினியப் பட்டைகள் பொடிந்து உதிரும். கிளாம்ப் தளர்ந்த இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் சேர்ந்து கறுப்பு வளையமாக நிற்கும். கசிவைக் கண்டுபிடிக்க அதைவிட நல்ல அடையாளம் இல்லை. அதனால் ஒரு வேண்டுகோள்: பூஸ்ட் குறை என்று எங்களிடம் வருவதற்கு முன் இஞ்சினுக்கு வாட்டர் சர்வீஸ் செய்ய வேண்டாம். அழுக்கோடு கொண்டுவாருங்கள். ஸ்கேனரில் பிழைக் குறியீட்டையும் (ஃபால்ட் கோட்) அழிக்காமல் வாருங்கள்.

விசைப்படகு வைத்திருப்பவர்களுக்குச் சுருக்கமாக. படகில் இஞ்சின் முழு ஆர்பிஎம் எட்டாமல் கரும்புகை தள்ளினால், டர்போவுக்கு முன் படகின் அடியைப் பாருங்கள். பாசியும் சிப்பியும் ஏறியிருந்தால் இஞ்சினுக்குச் சுமை கூடும், ஆர்பிஎம் ஏறாது, டர்போ பலவீனமானது போலத் தோன்றும். கடல் தண்ணீரில் குளிரும் ஆஃப்டர்கூலரையும், கூலர் அரிக்காமலிருக்கத் தான் கரைகிற துத்தநாகத் துண்டையும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் கழற்றிப் பார்த்துவிடுவது நல்லது. அந்த வேலைக்கு மார்ச்சிலேயே சொல்லிவைத்தால் ஆள் ஒதுக்கிவிடுவோம்.

இனி சோதனை எப்படி நடக்கும் என்று சொல்கிறோம். முதலில் டர்போவின் காற்று வாயிலிருந்து இஞ்சினுக்குள் காற்று போகும் மேனிபோல்டு வரை அடைத்து, ரெகுலேட்டர் வைத்து 1 பார் அளவுக்குக் காற்றேற்றி, சோப்புத் தண்ணீர் தடவிப் பார்ப்போம். அப்புறம் ரோடு. மூன்றாவது கியரில் போட்டால் வண்டி வேகம் அதிகம் போகாமலே இஞ்சின் மேல் ஆர்பிஎம்முக்கு வந்துவிடும். கேப்பர் மலை ஏற்றம் இதற்கு வசதி, சுமை தானாகக் கிடைக்கிறது. ஒருவர் ஓட்டுவார், ஒருவர் ஸ்கேனரில் பதிவு செய்வார். கேட்ட பூஸ்ட், கிடைத்த பூஸ்ட், ஆக்சுவேட்டருக்கு ஈசியூ அனுப்பும் கட்டளை, மூன்றையும் ஒன்றாகப் பதிவோம். கட்டளை கடைசி எல்லைக்குப் போயும் பூஸ்ட் வரவில்லை என்றால் கசிவோ அடைப்போ இயந்திரப் பழுதோ நிச்சயம் இருக்கிறது. கட்டளையே குறைவாக இருந்தால் ஈசியூ ஏதோ காரணத்துக்காகப் பிடித்து வைத்திருக்கிறது, தேட வேண்டிய இடம் வேறு. அந்தப் பதிவை உங்கள் கையில் கொடுத்துவிடுவோம். வேலையை வேறு இடத்தில் செய்துகொண்டாலும் அது உங்களுடையது.

காலை 6 மணியிலிருந்து 8 மணிக்குள், ரோடு காலியாக இருக்கும்போது மட்டும் இந்தச் சோதனை. முந்தின நாள் மாலையே வண்டியை விட்டுவிடுங்கள். எந்த கியரில், எத்தனை ஆர்பிஎம்மில், ஆள் ஏற்றியிருக்கும்போதா காலியாகவா, ஆஃப் செய்து போட்டால் சரியாகிறதா என்று ஒரு தாளில் எழுதி டேஷ்போர்டில் வைத்துவிட்டுப் போனால் எங்களுக்குப் பாதி வேலை மிச்சம். சோதனைக் கட்டணம் தனி. வேலையை எங்களிடமே செய்தால் பில்லில் கழித்துக்கொள்வோம்.

அன்புடன்,
உங்கள் டீசல் பணிமனையிலிருந்து,
கடலூர் முதுநகர்