கடைசிப் படியில் யாரையாவது வைத்தே ஆகவேண்டுமா?

மதிப்பிற்குரிய மனிதவளத் துறைத் தலைவர் அவர்களுக்கு,

வணக்கம். அப்ரைசல் எனும் பணி மதிப்பீட்டின் முடிவுகள் வந்துவிட்டன. பின்னணி உங்களுக்குத் தெரியும். ஒவ்வொரு டீமிலும் எத்தனை சதவீதம் பேரை எந்த ரேட்டிங் படியில் வைத்தே ஆகவேண்டும் என்ற கட்டாய விகிதத்தை எல்லா நாட்டுக் கிளைகளுக்கும் அனுப்பியதே உங்கள் அலுவலகம்தான்.

எங்கள் டீமில் எட்டுப் பேர். எட்டுப் பேரும் வேலையைக் கெடுவுக்குள் முடித்தோம். வாடிக்கையாளர் அனுப்பிய பாராட்டை டவுன்ஹால் கூட்டத்தில் எல்லோர் முன்னும் பெரிய திரையில் காட்டியவரே நீங்கள். ஆனாலும் ஒருவரைக் கடைசியில் தள்ளவேண்டுமே! மகப்பேறு விடுப்பு முடிந்து திரும்பியவரைத் தள்ளினார்கள். அவர் காரணம் கேட்டபோது மேனேஜர் தன் மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினார். திரையின் மேலே ஒரு சிவப்புக் கட்டம். கடைசிப் படியில் ஒரு பெயர் விழும்வரை ‘சமர்ப்பி’ பொத்தான் அழுந்தாதாம். “நீங்கதான் ஆறு மாசம் இங்க இல்லையே” என்றார், முகத்தைப் பார்க்காமல். சட்டம் தந்த விடுப்பு அது. வாழ்த்து அட்டைகூட உங்கள் துறையிலிருந்துதான் வந்தது. இப்போது போனஸ் இல்லை, பதவி உயர்வு இல்லை, வேறு டீமுக்கு மாறவும் வழியில்லை.

சிறு டீம்களுக்கு இந்தக் கட்டாய விகிதத்தை நீக்குங்கள் என்பதே எங்கள் கோரிக்கை.

1980-களில் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத் தலைவர் ஜாக் வெல்ச் மேலே 20, நடுவே 70, கீழே 10 சதவீதம் என்று ஊழியர்களைப் பிரித்த காலத்துச் சரக்கு இது. இதே போன்ற முறையை வைத்திருந்த மைக்ரோசாப்ட் 2013-இல் அதைக் கைவிட்டது. அடோபி 2012-லேயே வருடாந்திர ரேட்டிங்குக்கு விடைகொடுத்தது. சிலர் மேலே, சிலர் கீழே, பெரும்பாலோர் நடுவே என்னும் ‘பெல் கர்வ்’ கணக்கு பெருங்கூட்டத்துக்குப் பொருந்தலாம். பல சுற்று நேர்காணலில் சலித்தெடுத்த எட்டுப் பேரில் ஒருவர் மட்டம் என்பது, தூற்றிய நெல்லில் பதர் காட்டச் சொல்வது போல. போதாக்குறைக்கு, இப்போதெல்லாம் புதிதாகச் சேர்ந்தவர் சந்தேகம் கேட்டால் பதில் சொல்லவே யோசிக்கிறார்கள். அவர் மேலே போனால் தாம் கீழே போகவேண்டுமே!

கேட்டால் ‘உலகெங்கும் ஒரே கொள்கை’ என்கிறீர்கள். சம்பளம் என்றால் மட்டும் ‘உள்ளூர்ச் சந்தை நிலவரம்’. வேலைக்கும் வாழ்க்கைக்கும் சமநிலை பற்றிய பயிலரங்கைத் தலைமையகத்துப் பகலில், அதாவது எங்கள் நள்ளிரவில், நடத்தியதற்கும் நன்றி.

சரி, அது வேறு கதை. அடுத்த அப்ரைசலுக்குள் கட்டாய விகிதத்தை நீக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். அதுவரை காத்திராமல், அந்தச் சக ஊழியரின் ரேட்டிங்கை மறுபரிசீலனை செய்து, எழுத்தில் காரணம் தாருங்கள். மேனேஜர் மீது நடவடிக்கை வேண்டாம். அந்தச் சிவப்புக் கட்டத்தை வைத்தவர் அவரில்லை.

இப்படிக்கு,
எட்டுப் பேரில் ஒருவர்