டப்பாவில் இருப்பது காளானா, அரிசி மாவா?

ஆசிரியர் அவர்களுக்கு,

மருத்துவக் காளான் மாத்திரைகளைப் பற்றி வரும் கட்டுரைகள் பெரும்பாலும் ஞாபக சக்திக்கு லயன்ஸ் மேன், எதிர்ப்பு சக்திக்கு ரெய்ஷி, தெம்புக்கு கார்டிசெப்ஸ் என்று பங்கு பிரித்துக் கொடுப்பதோடு முடிந்துவிடுகின்றன. எந்த வடிவில், எவ்வளவு உள்ளே போகிறது என்பதைத் தொடுவதில்லை. பலனும் ஆபத்தும் அதைப் பொறுத்தவைதான்.

லயன்ஸ் மேனையே பார்ப்போம். 2009-இல் வெளிவந்த ஜப்பானிய ஆய்வில் லேசான மறதி உள்ள, 50 முதல் 80 வயது வரையிலான 30 பேர் இருந்தார்கள். பாதிப் பேருக்கு நாளொன்றுக்குச் சுமார் 3 கிராம் பொடி, 16 வாரம். சோதனையில் மதிப்பெண் கூடியது. நிறுத்திய நான்கே வாரத்தில் இறங்கியது. முப்பது பேரை வைத்து எதையும் நிரூபித்துவிட முடியாது. அதை அப்படியே நம்புகிறவரும் காலையில் 500 மில்லிகிராம் காப்ஸ்யூல் ஒன்றை விழுங்கினால், அந்த அளவில் ஆறில் ஒரு பங்குதான் கிடைக்கும். ஐந்து காளான் கலந்த காப்ஸ்யூல் என்றால் கேட்கவே வேண்டாம்.

லேபிளில் முதலில் பார்க்க வேண்டியது, முழுக் காளானா, மைசீலியம் எனும் வேர் போன்ற இழையா என்பது. இழையை அரிசியிலோ ஓட்ஸிலோ வளர்த்து, தானியத்தைப் பிரிக்காமல் சேர்த்தே அரைத்துவிடும் தயாரிப்புகள் உண்டு. அடுத்து, 'பாலிசாக்கரைடு 40 சதவீதம்' என்ற வரியில் மயங்கக் கூடாது. பாலிசாக்கரைடு என்பது சர்க்கரை மூலக்கூறுகள் சங்கிலியாகக் கோத்த பொருள்; மாவுச்சத்தும் பாலிசாக்கரைடுதான். காளானுக்கு உரியது பீட்டா குளுக்கான் என்ற வகை. அதன் அளவு தனியாக அச்சிடப்பட்டிருக்க வேண்டும்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். அரைத் தேக்கரண்டிப் பொடியைக் கால் டம்ளர் கொதிநீரில் கரைத்து, நன்றாக ஆறவிட்டு, இரண்டு சொட்டு டிங்சர் அயோடின் விடுங்கள். சூட்டோடு விட்டால் நிறம் தெரியாது. கருநீலமாக மாறினால் உள்ளே தானிய மாவு இருக்கிறது. மாறாவிட்டால் சுத்தம் என்றும் சொல்லிவிட முடியாது: காளானிலிருந்து இறக்கிய சாற்றை உலர்த்தச் சேர்க்கும் மால்டோடெக்ஸ்ட்ரின் (மாவுச்சத்தை உடைத்துச் செய்யும் பொடி) இந்தச் சோதனையில் பெரும்பாலும் தப்பிவிடும். அமெரிக்காவில் விற்ற 19 ரெய்ஷி தயாரிப்புகளை ஆராய்ந்து 2017-இல் வெளியிட்ட ஆய்வில், லேபிளோடு ஒத்துப்போனவை ஐந்தே.

பொடியும் சாறும் ஒன்றல்ல. காளானின் செல்சுவரில் கைட்டின் எனும் கடினமான பொருள் இருக்கிறது, எளிதில் செரிக்காது. வெந்நீரில் கொதிக்கவைத்தால் பீட்டா குளுக்கான் இறங்கும். ரெய்ஷியின் கசப்புக்குக் காரணமான ட்ரைடெர்பீன் இறங்க ஆல்கஹால் வேண்டும். ரெய்ஷியைப் பொடியாகச் சாப்பிட்டவர்களுக்குக் கல்லீரல் பாதிக்கப்பட்டதாக ஹாங்காங்கிலிருந்தும் தாய்லாந்திலிருந்தும் மருத்துவ அறிக்கைகள் வந்திருக்கின்றன. கண் மஞ்சளித்தாலோ சிறுநீர் கறுத்தாலோ அன்றே நிறுத்த வேண்டும்.

சாகா என்ற காளான் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். அதில் சிறுநீரகத்தில் படிகமாகப் படியக்கூடிய ஆக்சலேட் என்ற பொருள் மிக அதிகம். ஜப்பானில் கல்லீரல் புற்றுநோய் இருந்த 72 வயதுப் பெண் ஒருவர் தினமும் நான்கைந்து தேக்கரண்டி சாகா பொடியை ஆறு மாதம் சாப்பிட்டார். சிறுநீரகம் செயலிழந்து டயாலிசிஸ் வரை போனது. திசுச் சோதனையில் ஆக்சலேட் படிகங்கள் தெரிந்தன. சிறுநீரகக் கல் வந்தவர்களும் இரத்தத்தில் கிரியாட்டினின் ஏறியவர்களும் (சிறுநீரகத்தின் வேலை குறைந்ததற்கு அறிகுறி) சாகா பக்கமே போகாதிருப்பது நல்லது. அதிக அளவு வைட்டமின் சி-யும் உடலில் ஆக்சலேட்டாக மாறுவதால், இரண்டையும் சேர்த்து எடுப்பது இரட்டைச் சுமை.

ரெய்ஷி இரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தக் கூடும். வார்ஃபரின், ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல் போன்ற, இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்துகளைச் சாப்பிடுகிறவர்கள் டாக்டரிடம் கேட்காமல் தொடக் கூடாது. அறுவை சிகிச்சைக்கு இரண்டு வாரம் முன்பே நிறுத்த வேண்டும். உறுப்பு மாற்று செய்துகொண்டவர்கள் எதிர்ப்பு சக்தியைத் தூண்டும் எதையும் தாமாகச் சாப்பிடக் கூடாது. அவர்களுடைய மருந்தின் வேலையே அந்தச் சக்தியை அடக்கி வைப்பதுதான். சர்க்கரை நோய் மாத்திரையோடு ரெய்ஷி சேர்ந்தால் இரத்தச் சர்க்கரை அதிகமாக இறங்கவும் கூடும்.

டர்க்கி டெயில் காளானிலிருந்து பிரித்த பிஎஸ்கே என்ற பொருள் ஜப்பானில் 1977-இல் புற்றுநோய் மருந்தாக அனுமதி பெற்றது உண்மை. ஆனால் அது சுத்திகரித்த பொருள். கீமோதெரபியோடு சேர்த்துக் கொடுத்தார்கள், கீமோவுக்குப் பதிலாக அல்ல. டாக்டரைப் பார்க்கப் போகும்போது பெயரை வாயால் சொல்வதைவிட டப்பாவையே கொண்டுபோய்க் காட்டுங்கள். எப்போது ஆரம்பித்தீர்கள், நாளைக்கு எத்தனை என்பதை மூடியிலேயே எழுதி வையுங்கள்.

இப்படிக்கு,
ஒரு மருந்தாளுநர்