அப்பாவுக்கு, ஸ்டுட்கார்ட்டிலிருந்து

ஸ்டுட்கார்ட்,
ஜெர்மனி,
நவம்பர் மாதம், ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். அங்கே நீங்கள், அம்மா, தம்பி எல்லோரும் நலம்தானே? போனில் பேசும்போதெல்லாம் "வீடு எப்படிம்மா, வயரிங் எப்படி" என்று கேட்கிறீர்கள். பதில் சொல்வதற்குள் அம்மா போனை வாங்கிச் சாப்பாட்டுப் பேச்சைத் தொடங்கிவிடுகிறாள். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். மோட்டார் வைண்டிங் கடையில் வேலை குறைந்த மத்தியான நேரமாகப் பார்த்துப் படியுங்கள்.

இங்கே அன்றாடம் எரிச்சல் மூட்டுகிற விஷயங்கள் பெரும்பாலும் மனிதர்களால் வருவதில்லை, வீட்டுக்குள்ளேயேதான் இருக்கின்றன. கதவு, ஜன்னல், பிளக் பாயிண்ட் எல்லாமே நாம் பழகியதற்கு வேறு மாதிரி. ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருக்கிறது. அது பிடிபட்டுவிட்டால் கோபம் போய், ரசிக்கவே தோன்றுகிறது.

முதலில் விளக்கு. வாடகை வீட்டில் விளக்கு இருக்காது. பல வீடுகளில் அடுப்பு, சிங்க், அலமாரி எதுவுமே இருக்காது, முன்பு குடியிருந்தவர் கழற்றிக்கொண்டு போயிருப்பார். சீலிங்கில் வயர் மட்டும் தொங்கும், முனையில் ஒரு ஸ்ட்ரிப் கனெக்டர். குடிவருகிறவர்தான் விளக்கு வாங்கி மாட்ட வேண்டும். புதிய கட்டடத்தில் பயமில்லை: பிரவுன் ஃபேஸ், நீலம் நியூட்ரல், பச்சை-மஞ்சள் எர்த். பழைய கட்டடம்தான் ஆபத்து. 1965-க்கு முன்னால் இழுத்த வயரிங்கில் கறுப்பு ஃபேஸ், சாம்பல் நியூட்ரல், சிவப்பு எர்த்! நம் ஊர்க் கை, சிவப்பை ஃபேஸ் என்றும் கறுப்பை நியூட்ரல் என்றும் எடுத்துக்கொள்ளும். அப்படி மாட்டினால் விளக்கின் உலோக உடம்பில் என்ன வரும் என்று உங்களுக்கே தெரியும்.

அதோடு 1973 வரை நியூட்ரலையும் எர்த்தையும் ஒரே வயரில் கொண்டுவர அனுமதி இருந்தது. அந்தக் காலத்து வீடுகளில் பிளக் பாயிண்ட்டைக் கழற்றினால், நியூட்ரல் திருகுக்கும் எர்த் திருகுக்கும் நடுவே ஒரு துண்டு வயரைப் பாலமாகப் போட்டிருப்பதைப் பார்க்கலாம். வழியில் எங்கேயாவது அந்த நியூட்ரல் விட்டுப்போனால், வாஷிங் மெஷினின் தகரம் முழுக்கக் கரண்ட். அந்த மாதிரி லைனுக்கு ஆர்சிசிபியும் (கரண்ட் கசிந்தால் உடனே வெட்டும் பிரேக்கர்) போட முடியாது. வாடகைக்குப் பார்க்கும்போதே ஃபியூஸ் பெட்டியைத் திறந்து, 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இருக்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது. குறிப்பாகக் குளியலறை லைனுக்கு.

நியான் டெஸ்டரை இங்கே நம்பக் கூடாது. மரத்தரை, மர ஏணி, குளிர்காலத்தில் காய்ந்த காற்று. கரண்ட் இருக்கும்போதே டெஸ்டர் எரியாமல் போகும். இரண்டு முனை டெஸ்டர் வாங்கி, வயர்களை ஜோடி ஜோடியாக அளந்து, ஃபேஸ் எது என்று குறித்துக்கொண்டு, ஃபியூஸ் பெட்டியில் அந்த லைனின் எம்சிபி பிரேக்கரை இறக்கி, மறுபடி அளந்த பிறகே கை வைக்க வேண்டும். "கலரை நம்பாதே, அளந்து பார்" என்று கடைப் பையன்களிடம் நீங்கள் சொல்வது ஜெர்மனிக்கும் பொருந்துகிறது.

பிளக் பாயிண்ட்டில் சுவிட்ச் கிடையாது. சொருகினால் ஓடும், பிடுங்கினால் நிற்கும். நம் மூன்று பின் பிளக் இதில் நுழையாது; பின் கொஞ்சம் தடிமன், எர்த் பின்னுக்கு ஓட்டையும் இல்லை. இங்கே எர்த் என்பது பாயிண்ட்டின் மேலும் கீழும் இருக்கும் இரண்டு கிளிப். பிளக்கை எப்படித் திருப்பியும் சொருகலாம் என்பதால் ஃபேஸ் எந்தப் பக்கம் வரும் என்று நிச்சயமில்லை. மேஜை விளக்கின் சுவிட்ச் ஒரு வயரை மட்டும்தான் வெட்டும். அது நியூட்ரலாக அமைந்துவிட்டால், விளக்கு அணைந்திருந்தாலும் ஹோல்டரில் கரண்ட் இருக்கும். பின் பல்பு இங்கே வழக்கத்தில் இல்லை, எல்லாம் மரை பல்பு. மரைப் பகுதியிலேயே ஃபேஸ் வரலாம். பல்பு மாற்றுவதற்கு முன் பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும்.

சமையலறைக்கு வந்தால் நீங்கள் சந்தோஷப்படுவீர்கள். சாதாரண இரண்டு அறை வீட்டுக்கும் அடுப்புக்கென்று த்ரீ ஃபேஸ் வருகிறது. ஐந்து கோர் கேபிள், பெரும்பாலும் 2.5 சதுர மில்லிமீட்டர், ஃபேஸுக்கு 16 ஆம்பியர் வீதம் மூன்று எம்சிபி. அடுப்பின் எலிமெண்ட்டுகள் 400 வோல்ட்டில் ஓடுவதில்லை. ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே 230-ல்தான் ஓடும், சுமையைப் பிரித்துக்கொள்வதற்குத்தான் மூன்று ஃபேஸும். நியூட்ரல் லூஸானால் வோல்டேஜ் எகிறி என்ன நடக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதனால் அடுப்பு கனெக்‌ஷனை மட்டும் லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன்தான் கொடுக்க வேண்டும்.

இது அம்மாவுக்கு: அலுமினியக் குக்கரை அனுப்ப வேண்டாம். இண்டக்‌ஷன் அடுப்பில் காந்தம் ஒட்டுகிற அடிப்பாகம் இருந்தால்தான் சூடேறும். சாதாரணக் கண்ணாடி அடுப்பு எந்தப் பாத்திரத்தையும் ஏற்கும், ஆனால் அணைத்த பிறகும் தட்டு வெகுநேரம் சூடாகவே இருக்கும். மூன்று விசில் வேண்டுமென்றால் இரண்டாவதிலேயே அணைத்துவிடலாம், மூன்றாவது தானாக வரும். இட்லி மாவு 20 டிகிரி அறையில் பொங்காது. பேக்கிங் ஓவனைச் சூடாக்காமல், உள்ளே இருக்கும் விளக்கை மட்டும் எரியவிட்டு மாவுப் பாத்திரத்தை உள்ளே வைத்தால் காலையில் பொங்கியிருக்கும். ஆனால் அது எல்இடி விளக்காக இருந்தால் சூடு பற்றாது.

மின்வெட்டு பற்றித் தம்பி கேட்டான். நாடு முழுவதற்கும் கணக்கிட்டால் ஒரு வீட்டுக்கு வருஷத்துக்குச் சராசரியாக 12, 13 நிமிஷம்தான். இன்வெர்ட்டர் பேட்டரி வைத்திருக்கும் வீட்டைப் பார்ப்பதே அபூர்வம்.

இப்போது குளிர் தொடங்கிவிட்டது. ஜன்னலுக்குக் கீழே தகட்டு ரேடியேட்டர், அதற்குள் சுடுதண்ணீர் சுற்றும். பக்கத்தில் 1 முதல் 5 வரை எண் போட்ட குமிழ். புதிதாக வருகிறவர்கள் குளிருகிறதென்று நேராக 5-க்குத் திருப்புவார்கள். அதனால் சீக்கிரம் சூடாகாது. அந்த எண் சூட்டின் வேகம் அல்ல, அறை எந்த டிகிரியில் நிற்க வேண்டும் என்பது. 3 என்றால் ஏறக்குறைய 20 டிகிரி. குமிழுக்குள் மெழுகோ திரவமோ இருக்கிறது. அறை சூடானால் அது விரிந்து ஒரு பின்னை அழுத்தி வால்வை மூடும். கரண்ட் இல்லை, சர்க்யூட் இல்லை. எனக்கு இந்த வீட்டிலேயே ரொம்பப் பிடித்த பொருள் இதுதான். குமிழுக்கு முன்னால் திரைச்சீலையோ சோபாவோ இருந்தால் அங்கே மட்டும் சூடு தங்கி, வால்வு மூடிக்கொள்ளும்; அறை குளிர்ந்தே கிடக்கும்.

கோடை முழுக்க மூடிக் கிடந்தால் பின் ஒட்டிக்கொள்ளும், குமிழைத் திருப்பினாலும் தகடு பச்சைத் தண்ணீராகவே இருக்கும். குமிழைக் கழற்றி, பின்னைக் கட்டையால் மெதுவாக அழுத்தி அழுத்தி விட்டால் விடுபடும். பிளையரால் இழுத்தால் பின் கையோடு வந்து தண்ணீர் பீய்ச்சும். கோடையில் குமிழை முழுக்கத் திறந்து வைத்தால் இந்தத் தொல்லையே வராது. கீழே சூடாகவும் மேலே குளிர்ச்சியாகவும் இருந்தால் உள்ளே காற்று அடைத்திருக்கிறது. மேல் மூலையில் சதுரத் தலை உள்ள சின்ன வால்வு இருக்கும். அதற்கான சாவியால் அரைச் சுற்றுத் திருப்பி, கீழே கிண்ணம் பிடித்து, 'உஸ்' சத்தம் நின்று தண்ணீர் சொட்டியதும் மூடிவிட வேண்டும். அந்தத் தண்ணீர் கறுப்பாக இருக்கும், வெள்ளைத் துணியால் துடைக்கக் கூடாது.

குளிருக்கு வீட்டை இறுக மூடி வைத்தால் சுவரில் பூஞ்சை வந்துவிடும். வாடகைக்காரர்களுக்கும் வீட்டுக்காரர்களுக்கும் இங்கே அதிகம் சண்டை வருவது இதில்தான். 20 டிகிரியில் 60 சதவீதம் ஈரம் உள்ள காற்று, 12 டிகிரிக்குக் குளிர்ந்த சுவரில் பட்டால் அங்கேயே தண்ணீராகிவிடும். பழைய கட்டடத்தின் வெளிச்சுவர் மூலை, பீரோவின் பின்பக்கம் எல்லாம் அந்த அளவுக்குக் குளிரும். நாமோ இட்லி அவிப்போம், சோறு வடிப்போம், துணியை அறைக்குள்ளேயே காயப்போடுவோம். ஆகவே ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை, ரேடியேட்டரை மூடிவிட்டு, எல்லா ஜன்னலையும் அகலத் திறந்து ஐந்து நிமிஷம் விட வேண்டும். வெளியே தூறினாலும் திறக்கலாம். பூஜ்ய டிகிரிக் காற்று கனமீட்டருக்கு 5 கிராம் நீராவிக்கு மேல் தாங்காது, 20 டிகிரிக் காற்று 17 கிராம் வரை தாங்கும். உள்ளே வந்த காற்று சூடானதும் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். ஜன்னல் கைப்பிடியை மேல்நோக்கித் திருப்பினால் மேல் பக்கம் மட்டும் சாய்ந்து திறக்கும். அதை நாள் முழுக்க அப்படியே விடுவதுதான் தப்பு: காற்று போதுமான அளவு மாறாது, ஜன்னலைச் சுற்றியுள்ள சுவர் மட்டும் குளிர்ந்து அங்கேயே பூஞ்சை பிடிக்கும்.

கதவு இன்னொரு தொல்லை. வாசற்கதவின் வெளிப்பக்கம் திருப்ப முடியாத குமிழ்தான். குப்பை போட வெளியே போகும்போது காற்றில் கதவு சாத்தினால் சாவி இல்லாமல் உள்ளே வர முடியாது. உள்பக்கம் சாவியைச் சொருகி வைத்திருந்தால், வெளியே மாற்றுச் சாவி இருந்தும் பல பூட்டுகளில் பயனில்லை. வெறுமனே சாத்திய கதவைத் தெரிந்த ஆள் பூட்டை உடைக்காமல் சில நிமிஷத்தில் திறப்பார். சிலிண்டரைத் துளைக்க வேண்டும் என்று எடுத்ததுமே சொல்கிறவரை அனுப்பிவிட வேண்டும். தொகையை முதலிலேயே பேசிக்கொள்வது முக்கியம். மாற்றுச் சாவி ஒன்றைத் தெரிந்தவர் வீட்டில் கொடுத்து வைப்பதுதான் சரியான வழி.

ரசிக்கிற விஷயங்களும் நிறைய. இந்தப் பகுதியில் கேர்வோஹ என்று ஒரு வழக்கம், பெருக்கும் வாரம். மாடிப்படியைப் பெருக்கித் துடைக்கும் முறை வாராவாரம் ஒரு வீட்டுக்கு வரும். முறை யாருடையதோ அவர் கதவில் ஒரு சின்னப் பலகை தொங்கும். முடித்ததும் பக்கத்து வீட்டுக் கதவில் மாட்டிவிடுவார்கள். 1492-லேயே இந்த ஊரில் வாராவாரம் குப்பையை அகற்றச் சொல்லி உத்தரவு போட்டிருக்கிறார்கள். அம்மாவுக்கு இந்த ஊர் பிடிக்கும்.

காலி பாட்டிலைத் திருப்பி வாங்கிக் காசு கொடுக்கும் மெஷினைத் தம்பி பார்க்க வேண்டும். ஒருமுறை மட்டும் பயன்படும் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கும் தகரக் கேனுக்கும் 25 சென்ட் முன்பணம், சாதாரண பீர் பாட்டிலுக்கு 8 சென்ட். கடை வாசலில் இருக்கும் மெஷினின் வட்ட ஓட்டையில் பாட்டிலைப் படுக்க வைத்தால், அதை உருட்டிப் பார்கோடைத் தேடிப் படித்து உள்ளே இழுத்துக்கொள்ளும். பிளாஸ்டிக்கை உள்ளேயே நசுக்கிவிடுவதால் ஒரே பாட்டிலுக்கு இரண்டு தடவை காசு வாங்க முடியாது. நாம் முன்கூட்டியே நசுக்கினாலோ லேபிளைக் கிழித்தாலோ திருப்பித் தள்ளிவிடும். கண்ணாடி பீர் பாட்டிலை உருவத்தை வைத்தே அடையாளம் காண்கிறது, அதற்கு லேபிள் தேவையில்லை. 20 பாட்டிலோடு பெட்டியை அப்படியே கீழ்ப்பக்க வாயில் தள்ளினால், பெட்டிக்கு 1.50 யூரோவும் சேர்த்து 3.10 யூரோவுக்குச் சீட்டு வரும். பில் போடும் இடத்தில் கழித்துக்கொள்வார்கள்.

இனி கடிகாரம், உங்களுக்காகக் கடைசியில் வைத்தேன். இங்கே சுவர்க்கடிகாரம் பலவற்றை நாம் நேரம் வைக்கவே வேண்டாம். ஃபிராங்பர்ட் பக்கத்தில் மைன்ஃப்ளிங்கன் என்ற ஊரிலிருந்து 77.5 கிலோஹெர்ட்ஸில் ஒரு சிக்னல் வந்துகொண்டே இருக்கிறது. ஒவ்வொரு வினாடியும் சிக்னலின் வலிமை சற்று நேரம் தாழும்: 100 மில்லி வினாடி தாழ்ந்தால் பூஜ்யம், 200 என்றால் ஒன்று. ஒரு நிமிஷத்துக்குள் அடுத்த நிமிஷத்தின் நேரம், தேதி எல்லாம் வந்துவிடும். கடைசி வினாடியில் மட்டும் தாழாது, அதுதான் நிமிஷம் முடிகிற அடையாளம். கடிகாரத்தைத் திறந்தால் ஃபெரைட் ராடில் சுற்றிய காயில், பழைய மர்ஃபி ரேடியோவில் இருப்பது போலவே. எல்இடி விளக்கின் டிரைவர் சர்க்யூட் பக்கத்தில் மாட்டினால் சிக்னல் கிடைக்காது. மார்ச் கடைசி ஞாயிறு அதிகாலை 2 மணி 3 ஆகும், அக்டோபர் கடைசி ஞாயிறு 3 மணி 2 ஆகும். பல கடிகாரங்களில் மோட்டார் பின்னால் ஓடாது. அதனால் அக்டோபரில் ஒரு மணி நேரம் பின்னே போக, முள் 11 மணி நேரத்தை முன்னோக்கியே சுற்றி வரும்.

ஓவனில் இருக்கும் கடிகாரம் வேறு வகை. அதில் பல, லைனின் 50 ஹெர்ட்ஸை எண்ணி ஓடுபவை. 2018 ஜனவரி நடுவிலிருந்து மார்ச் தொடக்கம் வரை ஐரோப்பாவின் 25 நாடுகளில் அந்தக் கடிகாரங்கள் கிட்டத்தட்ட 6 நிமிஷம் பின்தங்கின. செர்பியா, கொசோவோ தகராறில் கொசோவோவின் மின்சாரப் பற்றாக்குறையை யாரும் ஈடுகட்டவில்லை. இணைந்த கிரிட் முழுவதும் சராசரி 49.996 ஹெர்ட்ஸுக்கு இறங்கியது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 50-ல் 0.004 குறைவு, ஐம்பது நாள், ஏறக்குறைய 345 வினாடி. பிறகு கிரிட்டையே கொஞ்சம் வேகமாக ஓட்டி நேரத்தைச் சரிசெய்தார்கள்.

தை மாதம் என் தோழி ஊரிலிருந்து வருகிறாள். அவளிடம் மிக்ஸியைக் கொடுத்துவிடுங்கள். வோல்டேஜும் ஹெர்ட்ஸும் ஒன்றுதான், ஸ்டெப்டவுன் டிரான்ஸ்ஃபார்மர் எதுவும் வேண்டாம். பயண அடாப்டர் வாங்க வேண்டாம், மலிவானவற்றில் எர்த் இருக்காது. பிளக்கை வெட்டாமல் அப்படியே அனுப்புங்கள். இந்த ஊர் பிளக்கை இங்கே நானே மாட்டிக்கொள்கிறேன், எர்த் வயரை மற்ற இரண்டையும்விடக் கொஞ்சம் நீளமாக விட்டு. கார்பன் பிரஷ் இரண்டு செட், கப்ளர் இரண்டு, ஜார் வாஷர் மூன்று சேர்த்து வையுங்கள். அந்த மாடலுக்கு இங்கே உதிரி பாகம் கிடைக்காது. ஆர்மேச்சரின் இன்சுலேஷனை ஒரு தடவை மெக்கர் மீட்டரில் பார்த்துவிட்டு ரீடிங்கை ஒரு சீட்டில் எழுதி ஜாருக்குள் போட்டு விடுங்கள்.

அன்பு மகள்,
மீனா