இளங்கோ கேட்ட கல்

அன்புள்ள கயலுக்கு,

அப்பா எழுதுவது. இங்கு நாங்கள் நலம். மூன்று ஞாயிற்றுக்கிழமைகளாக இளங்கோதான் தொலைபேசியை எடுக்கிறான். மாலை ஏழு மணிக்கே "அம்மா தூங்குறாங்க தாத்தா" என்கிறான். அலுவலக அலைச்சலாக இருக்கும் என்று உன் அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். வேளைக்குச் சாப்பிடு.

வானத்தில் சுற்றும் கல்லிலேயே பெரியது எது, அது எங்கிருந்து வந்தது என்று சென்ற வாரம் அவன் கேட்டான். எழுதி அனுப்புவதாகச் சொன்னேன். இதை அவனுக்கு நீயே வாசித்துக் காட்டு. உன் குரலில் கேட்டால்தான் அவனுக்கு மனதில் நிற்கும்.

செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையில் சுற்றும் சிறுகோள்களில் முதலில் அகப்பட்ட சீரிஸைக் குறுங்கோள் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். அதை விட்டால் பெரியது வெஸ்டா. அதன் குறுக்களவு ஏறக்குறைய 525 கிலோமீட்டர். எழும்பூரில் ரயிலேறி மதுரையில் இறங்கும் தூரத்தைவிடச் சற்று அதிகம் என்று சொல், அவனுக்குப் புரியும். ஜெர்மனியின் பிரெமன் நகரில், பகலில் மருத்துவம் பார்த்து இரவில் வானம் பார்த்த ஓல்பர்ஸ் என்பவர் 1807 மார்ச் 29 அன்று அதைக் கண்டுபிடித்தார்.

அது பிறந்த கதையை உன் அம்மா அதிரசத்துக்குப் பாகு வைப்பதைக் கொண்டு சொல்லலாம். வெல்லத்தைக் கரைத்து அடுப்பில் வைத்தால் மண் அடியில் தங்கும், அழுக்கு நுரை மேலே வரும் அல்லவா? சுமார் 456 கோடி ஆண்டுகளுக்கு முன், சூரியனைச் சுற்றியிருந்த தூசியும் கல்லும் திரண்டு வெஸ்டா உருவானபோது, அதற்குள் அலுமினியம்-26 என்ற கதிரியக்கப் பொருள் கலந்திருந்தது. அது சிதையச் சிதைய வெப்பம் பெருகி உள்ளே எல்லாம் உருகிற்று. கனமான இரும்பு நடுவில் இறங்கியது, இலேசான பாறைக் குழம்பு மேலே வந்து உறைந்தது. பூமியும் இப்படித்தான் ஆயிற்று. ஆனால், பக்கத்திலிருந்த வியாழனின் ஈர்ப்பு அங்கிருந்த கற்களை அலைக்கழித்து, ஒன்று சேரவிடாமல் மோதவிட்டதால், வெஸ்டா முழுக்கோளாக வளரவில்லை.

சுமார் 100 கோடி ஆண்டுகளுக்கு முன் இன்னொரு சிறுகோள் அதன் தென்துருவத்தில் மோதியதில், ஏறக்குறைய அதன் அகலத்துக்கே ஒரு பள்ளம் விழுந்தது. 2011 முதல் 2012 வரை அதைச் சுற்றிவந்த டான் விண்கலம் அந்தப் பள்ளத்தின் நடுவில் எவரெஸ்டைப் போல் இரண்டரை மடங்கு உயரமுள்ள மலையைப் படம் பிடித்தது. அவ்வளவு அடி வாங்கியும் வெஸ்டா சிதறிப் போகவில்லை. ஆனால் அந்த மோதலில் தெறித்த துண்டுகள் சில இன்றும் பூமியில் விழுகின்றன. 1996இல் ராஜஸ்தானின் பிப்லியா கலானில் விழுந்ததும் அந்த வகைக் கல்தான்; அதில் அலுமினியம்-26 சிதைந்ததன் தடயத்தை அகமதாபாத் இயற்பியல் ஆய்வகத்தார் கண்டுபிடித்து 1999இல் வெளியிட்டார்கள். நம் நாட்டில் விழுந்த கல்லே சாட்சி சொன்னது என்று அவனிடம் பெருமையாகச் சொல்.

இன்னொன்றையும் எழுத வேண்டும். இதற்காகவே இத்தனை நாள் தள்ளிப் போட்டேன் போலும். சிறுகோள்கள் எல்லாம் உடைந்துபோன ஒரு கோளின் துண்டுகள் என்று ஓல்பர்ஸ் நம்பினார். அந்த நம்பிக்கையோடு தேடித்தான் வெஸ்டாவையே கண்டார். நானும் அதையே உண்மை என்று வகுப்பில் வருடக்கணக்காகச் சொன்னேன். ஒன்பதாம் வகுப்பில், மூன்றாவது பெஞ்சிலிருந்து நீ எழுந்து, அவ்வளவையும் கூட்டினாலும் நிலாவின் எடையில் நூற்றில் நான்கு பங்குகூடத் தேறாதே, அது எப்படி ஒரு கோளாக இருந்திருக்கும் என்று கேட்டாய். பதில் தெரியாத கோபத்தில், நாற்பது பிள்ளைகள் முன்னால், வாயை மூடிக்கொண்டு உட்கார் என்றேன். வீட்டுக்கு வந்தும் அதைப் பற்றி நான் பேசவில்லை. அதன் பிறகு நீ என்னிடம் எதையும் கேட்டதாக நினைவில்லை; எதையும் சொன்னதாகவும் இல்லை. பெண் அடக்கமாக வளர்கிறாள் என்று ஊரார் சொன்னபோது நானும் தலையாட்டினேன். உன் கணக்கு சரி, கயல். தப்பு என்னுடையது. அந்தக் கணக்கை இளங்கோவுக்கு நீயே போட்டுக் காட்டு.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். சொல்ல வசதிப்படாவிட்டால் விட்டுவிடு. வேளைக்குச் சாப்பிடு. கிழக்கு அறையில் இருந்த நெல் மூட்டைகளை எடுத்துவிட்டு, சுண்ணாம்பு அடித்து வைத்திருக்கிறோம். பள்ளி விடுமுறைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. முன்கூட்டித் தகவல் சொல்லவும் வேண்டியதில்லை. எந்த ரயிலானாலும் நிலையத்தில் இறங்கியதும் ஒரு ஃபோன் போடு, ஆட்டோ எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறேன்.

அன்புடன்,
அப்பா