இரண்டு அட்டைப்பெட்டி

அன்புள்ள தம்பிக்கு,

நீ போட்ட இரண்டு அட்டைப்பெட்டியும் வெள்ளிக்கிழமை லாரி ஆபீசிலிருந்து வந்துவிட்டன. 'ஸ்கூல் லைப்ரரிக்கு' என்று மேலே எழுதியிருந்தாய். உள்ளே ஒரு வரி இல்லை. அனுப்புநர் விலாசம் எனக்குத் தெரியாத விலாசம். அதற்கே இதை எழுதுகிறேன். நான் ஒன்றும் கேட்கவில்லை. சாப்பாடு எங்கே என்று மட்டும் எழுது.

மொத்தம் 64 புத்தகங்கள். இருப்புப் பதிவேட்டில் ஏற்றியாயிற்று. தலைப்பு, ஆசிரியர், பதிப்பகம், ஆண்டு, பக்கம், விலை எல்லாம் எழுதி, வந்த விதம் என்ற இடத்தில் 'அன்பளிப்பு' என்று போட்டிருக்கிறேன். முத்திரை முதல் பக்கத்தில் ஒன்று, 17ஆம் பக்கத்தில் ஒன்று. முன்பக்கம் கிழிந்துபோனாலும் 17 சாட்சி சொல்லும். நூலக வகை எண் பறவைகளுக்கு 598, தமிழ்நாட்டு வரலாற்றுக்கு 954.82. இரண்டும் இப்போது கதவோரம், ஆறாவது பிள்ளைகளின் கைக்கு எட்டும் தட்டில். அலமாரி சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளியிருக்கிறது. ஒட்டி வைத்தால் கரையான் பின்பக்கமாகவே மண் கட்டி ஏறிவிடும், முன்னால் ஒன்றும் தெரியாது. நனைந்த புத்தகத்தை வெயிலில் போடக்கூடாது, அட்டை வளைந்துவிடும். தாளை விரித்து நிற்கவைத்து விசிறிக் காற்றில்தான் காயவிட வேண்டும். உன்னிடம் புத்தகம் ஏதாவது மிச்சமிருந்தால் உனக்கும் இதே.

போன வாரம் வேடந்தாங்கல் கரையில் பிள்ளைகளை உட்காரவைத்து எண்ணச் சொன்னேன். பறவையை எண்ணாதே, மரத்துக்கு மரம் கூட்டை எண்ணு என்று நீ சொல்வாயே, அதையேதான் சொன்னேன். பறப்பதை எண்ணினால் ஒரே கூட்டம் இரண்டு முறை கணக்கில் ஏறும். அப்படியும் நத்தைகுத்தி நாரையை மூன்று பறவையாக எழுதிவைத்தார்கள். கூடு கட்டும் காலத்தில் அது வெள்ளை, மற்றக் காலத்தில் சாம்பல். அலகின் நடுவில் உள்ள இடைவெளி குஞ்சுக்குக் கிடையாது, வளர வளரத்தான் வரும். நீ இருந்திருந்தால் ஒரே நிமிஷத்தில் புரியவைத்திருப்பாய். போன் போட்டால் 'நல்லா இருக்கேன்' என்பதற்கு மேல் பேச்சு வராது, பறவையைப் பற்றியாவது பேசலாம்.

உள்ளூர் வரலாற்று நோட்டில் இரண்டு பத்தி போட்டிருக்கிறோம், 'கதை' ஒன்று, 'எழுத்தில் இருப்பது' ஒன்று. அந்தக் காலத்து ஆங்கிலேயக் கலெக்டர் லயோனல் பிளேசுக்கு இரண்டிலும் இடம் உண்டு. பறவைகளைச் சுடக்கூடாது என்று 1798இல் அவர் கொடுத்த உத்தரவு ஒரு பக்கம், மதுராந்தகம் ஏரி உடையாமல் ராமர் காத்ததை அவர் கண்ணால் பார்த்ததாகச் சொல்வது மறுபக்கம்.

உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பார்க்கவும் போனோம். எழுத்து தெரியவில்லை என்று ஒருவன் சாக்பீஸை எடுத்துவிட்டான். கல்லில் எதையும் தேய்க்கக்கூடாது. டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் போதும், பள்ளத்தில் நிழல் விழுந்து எழுத்து எழும்பும். புள்ளி இருக்காது, எகர ஏகார வேறுபாடும் இருக்காது, அதனால் எழுத்துக்கூட்டி வாசிக்காமல் வாக்கியமாக வாசிக்க வேண்டும். ஊர்ச் சபைக்கு ஆள் எடுத்த குடவோலை முறையைச் சொல்லும் கல்வெட்டு அது, பெயர் எழுதிய ஓலைகளைப் பானையில் போட்டு எடுப்பார்கள். சோழன் முதலாம் பராந்தகன் காலத்தது, கி.பி. 919, 921. ஊரில் முப்பது குடும்பு, அதாவது வார்டு. ஓலையில் பெயர் வர, கால் வேலி அளவுக்கு மேல் வரி கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, வயது 35க்கு மேல் 70க்குள், வேதம் தெரிந்திருக்க வேண்டும். "நம்ம தெருவில் யார் பேர் மிஸ் பானைக்குள்ள போகும்?" என்று எட்டாவது பெண் ஒருத்தி கேட்டாள். குடவோலையைக் கொண்டாடும் பாடப்புத்தகத்தில், நான் பார்த்தவரை, இந்தக் கேள்வி இல்லை.

வாரியம் என்ற சபைக் குழுவில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் பெயரும், அவர் தகப்பன், மகன் பெயர்களும்கூட ஓலையில் வரக்கூடாது என்ற இடத்துக்கு வந்ததும் என்னால் மேலே சொல்ல முடியவில்லை. பிள்ளைகளைத் தண்ணீர் குடிக்க அனுப்பிவிட்டேன்.

நீ ஏழாவது படிக்கும்போது இருப்புச் சரிபார்ப்பில் அந்தப் பறவைப் புத்தகம் குறைந்ததே. நீ தொலைத்ததாக எழுதி, உன் உண்டியலிலிருந்து பணம் எடுத்துக் கட்டினேன். நீ தொலைக்கவில்லை. அடுத்த மே மாதம் பீரோவை நகர்த்தியபோது பின்னால் கிடந்தது, பாதிக்கு மேல் கரையான் தின்றிருந்தது. யாருக்கும் தெரியாமல் வெந்நீர் அடுப்பில் போட்டேன். பதிவேட்டைத் திருத்தவில்லை. உன் அப்பாவிடமும் சொல்லவில்லை. டீச்சர் மகன் என்பதால் உன்னிடம் கண்டிப்பாக இருந்தேன் என்று எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டேன். 'நூல்கள் பயன்படுத்தவே' என்று நூலகவியல் அறிஞர் ரங்கநாதன் சொன்னதை எழுதி ஒட்டிய பீரோ அது. அதற்குப் பூட்டும் போட்டிருந்தேன், பூட்டியும் அது போயிற்று.

முதல் சம்பளத்தில் வாங்கிய கையேட்டையும் அந்தப் பெட்டியில் போட்டிருக்கிறாய். அதில் மட்டும் முத்திரை குத்தவில்லை, 64இல் அது இல்லை. பின்கட்டு பீரோவில் வைத்திருக்கிறேன். பொங்கலுக்கு வந்து எடுத்துக்கொள். வேண்டாம் என்றால் எழுது, 65 என்று ஏற்றுகிறேன். சாப்பாட்டு விஷயத்தையும் எழுது.

அம்மா